கண்ணளவைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி: வீட்டுக் கேக்கை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டிய மழையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பலருக்கு வீடு போயிற்று, கடை போயிற்று, ஆடு மாடு போயிற்று. எங்களுக்குப் போனது ஒரு நோட்டு. தூத்துக்குடியில் அத்தை வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் வடிவதற்குள், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆச்சியின் சமையல் நோட்டு ஊறிப் பொதிந்துவிட்டது. உலர்த்திப் பக்கம் பக்கமாகப் பிரித்தோம். எல்லாம் மைப்பேனா எழுத்து. கிறிஸ்துமஸ் கேக் பக்கத்தில் பாதி வரிகள் நீலக் கறையாகியிருந்தன. கடைசி வரியில் ‘சீ’ என்ற ஓரெழுத்தும், கொஞ்சம் தள்ளி ‘4 அவு’ என்பதும்தான் மிச்சம்.

எங்கள் பக்கம் சர்க்கரையைச் சீனி என்போம். ஆகவே அது ‘சீனி 4 அவுன்ஸ்’தான் என்று குடும்பமே முடிவுகட்டியது. நோட்டில் மேலே ஒரு ராத்தல் (454 கிராம்) சீனி ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் இந்த 4 அவுன்ஸையும், அதாவது 113 கிராமையும் கொட்டி, அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தம்பி கேக் போட்டான். நடு குழிந்து, ஓரம் மிட்டாய் மாதிரி இறுகி, வெட்டும்போது கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தையிடம் கேட்டோம். “சீனியாத்தான் இருக்கும், வேற என்ன இருக்கப்போவுது” என்றார். ஆண்டாண்டு காலமாக அந்தக் கேக்கைச் சுட்டு வருபவர் அவர். ஆனால் ஒருநாளும் நோட்டைப் பார்த்துச் சுட்டவர் இல்லை.

அதன்பிறகு நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பெரியவர் ஒருவர் கைப்பக்குவத்தில் சுடும் பண்டம் ஏதாவது இருந்து, அதை எப்படிக் கற்றுக்கொள்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இது. கேக்கை வைத்துச் சொல்கிறேன். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் வழி இதேதான்.

முதல் வேலை: ஒரு பண்டம், ஒரு நாள்

ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட நினைக்காதீர்கள். ஒரே ஒரு பண்டத்தை எடுங்கள். அது இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை என்று வீட்டார் சொல்லும் பண்டமாக இருக்கட்டும்.

போகும் நாள் முக்கியம். டிசம்பர் 22ஆம் தேதி அடுப்படியில் போய் நின்று “சொல்லிக்கொடுங்க” என்றால் கரண்டிதான் பறந்து வரும். அன்றைக்கு அவருக்கு நாலு கேக், இரண்டு சட்டி முறுக்கு, தெருவுக்கே கொடுத்தனுப்ப வேண்டிய பலகாரம் என்று தலைக்கு மேல் வேலை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு சாவகாசமான நாளாகப் பாருங்கள். சாமான் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வழக்கமான அளவில் பாதியைச் சுடச் சொல்லுங்கள். முடியாது என்றால் முழு அளவே சுடட்டும். பாதி அளவில் போடச் சொன்னதற்கே அத்தைக்குக் கை ஓடவில்லை. பழகிய பாத்திரம், பழகிய அளவு இரண்டும் இருந்தால்தான் கை தானாக வேலை செய்கிறது. கடைசியில் முழு அளவுக்கே போனோம்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. 1 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று, 5 கிலோ வரை தாங்குவதாக. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பால்பாயிண்ட் பேனா, நோட்டு. ஃபோனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு. கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீங்கள் வேடிக்கை பார்ப்பவர்தான்; ஒரு முட்டை உடைத்துக்கொடுக்கக் கூட முடியாது.

கேட்காதீர்கள், நிறுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

“எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது சரியாக இருக்காது. “கண்ணளவுதாம்ட்டி” என்பார்கள், இல்லை என்றால் உங்களைச் சமாதானப்படுத்த ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குத் தெரிந்த கணக்கு வாய்க்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே அளவு கேட்காமல், அவர் எடுக்கும் டப்பாவை நிறுத்துவிடுங்கள். சமையலைத் தொடங்குமுன் மைதா டப்பா, சீனி டப்பா, வெண்ணெய்க் கிண்ணம், மசாலாப் பாட்டில் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் இஷ்டத்துக்கு அள்ளட்டும், கொட்டட்டும், மிச்சத்தைத் திருப்பிப் போடட்டும். எல்லாம் முடிந்தபின் அதே டப்பாக்களை மறுபடி நிறுங்கள். முன்னதில் பின்னதைக் கழித்தால் போட்ட அளவு. அவரை ஒரு நொடிகூட நிறுத்த வேண்டியதில்லை. நடுவில் “இருங்க இருங்க, நிறுத்துக்கிறேன்” என்று கையைப் பிடித்தால் அவர் நிதானித்து, யோசித்து, வழக்கத்துக்கு மாறாகப் போட்டுவிடுவார்.

அன்று அத்தை மைதாவைச் சலித்து, ஜாதிக்காயைத் துருவி, கிராம்பும் பட்டையும் சுக்கும் பொடித்த தூளைத் தட்டி முடித்துவிட்டார். அடுத்து, என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே, மேல்தட்டில் கைவிட்டு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் சரித்தார். இரண்டு கையாலும் ஒருமுறை கசக்கி, ஊதி, மாவில் போட்டார். மூடினார். பாட்டில் மேல்தட்டுக்குப் போய்விட்டது. பேச்சு நிற்கவே இல்லை.

“அத்தை, அது என்ன?”

“எது?”

“இப்பப் போட்டீங்களே.”

“இதா? சீமைச் சீரகம். கேக்குக்குப் போடாம?”

சீமைச் சீரகம், அதாவது பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா. ‘சீ’ என்ற எழுத்து அதுதான். பாட்டிலை நான் முன்கூட்டி நிறுக்கவில்லை. மறுபடி அதேபோல் உள்ளங்கையில் சரிக்கச் சொல்லித் தட்டில் போட்டு நிறுத்தேன். 7 கிராம். ஓர் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். கால் அவுன்ஸ் 7 கிராம். நோட்டில் ஆச்சி எழுதியிருந்தது 4 இல்லை, ¼. மேலே இருந்த 1ஐயும் கோட்டையும் தண்ணீர் கொண்டுபோய், கீழே இருந்த 4 மட்டும் தங்கியிருக்கிறது.

வாயால் கேட்டபோது “சீனியாத்தான் இருக்கும்” என்றவர், கையால் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது சீமைச் சீரகத்தை. இதனால்தான் சொல்கிறேன், கேட்காதீர்கள் என்று. எல்லா டப்பாவையும் முன்கூட்டியே நிறுங்கள், மேல்தட்டில் இருப்பவையும் சேர்த்து.

நிறுக்க முடியாதவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வெண்ணெயும் சீனியும் எந்த நிறம் வரும்வரை அடித்தார், எத்தனை நிமிடம்? முட்டையை ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா? மாவு சேர்த்தபின் கரண்டி சுற்றியதா, புரட்டியதா? அத்தை மாவு சேர்ப்பதற்கு முன் ஒரு சொட்டுக் கலவையைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, போதும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். இதெல்லாம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

அவர் அளக்கும் டம்ளரையும் விடாதீர்கள். தராசில் வைத்து, அவர் அள்ளுகிற விதத்திலேயே ஒரு டம்ளர் மைதா எத்தனை கிராம் என்று பாருங்கள். அழுத்தி அள்ளினால் ஒன்று, சலித்து நிரப்பினால் வேறொன்று. ஒரே டம்ளரில் 30, 40 கிராம் சாதாரணமாக வித்தியாசப்படும்.

பழைய நோட்டைப் படிப்பது

நோட்டு இருக்கும் வீடு என்றால் இரண்டாவது வேலை, அளவுகளை மாற்றுவது. இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில்தான் வரத் தொடங்கின. அதற்கு முந்திய நோட்டுகளிலும், பழக்கம் விடாமல் அதற்குப் பின் எழுதிய பலவற்றிலும் ராத்தலும் அவுன்ஸும்தான் இருக்கும். ஒரு ராத்தல் 454 கிராம். 16 அவுன்ஸ் ஒரு ராத்தல். ஒரு தோலா 11.66 கிராம். இலங்கைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே இன்றும் 450 கிராம் பாணை, அதாவது ரொட்டியை, ஒரு ராத்தல் பாண் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

படியிலும் ஆழாக்கிலும் எழுதியிருந்தால் அது கொள்ளளவு, எடை அல்ல. சென்னைப் படிக் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1,344 மில்லி. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்ட காலமும் உண்டு. வீட்டில் அந்தப் பழைய ஆழாக்கே பரணில் கிடந்தால் எடுத்துத் தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. வேறு ஆதாரம் வேண்டாம்.

அடுத்தது முட்டை. பழைய குறிப்பை அப்படியே பின்பற்றியும் கேக் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் வழுக்கி விழுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஆச்சியின் நோட்டில் ராத்தல் மைதாவுக்கு 12 முட்டை. அது நாட்டுக்கோழி முட்டை. ஓட்டோடு ஏறக்குறைய 40 கிராம். ஓடு பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் உள்ளே 36. பன்னிரண்டுக்கு 432 கிராம். ராத்தலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வெண்ணெய் ஒரு ராத்தல், சீனி ஒரு ராத்தல், மைதா ஒரு ராத்தல், முட்டையும் ஏறக்குறைய ஒரு ராத்தல் என்ற பழைய இங்கிலீஷ்கார வீட்டுக் கணக்குத்தான் இது.

இப்போது கடையில் வாங்கும் நாமக்கல் பண்ணை முட்டை 54 கிராம் வரை இருக்கிறது. ஓடு நீங்கி 48. பன்னிரண்டு போட்டால் 576 கிராம். ஆச்சி போட்டதைவிட 144 கிராம் கூடுதல். கேக் ரப்பர் மாதிரி வருவதற்கும் முட்டை வாடை அடிப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். 9 முட்டை போட்டால் 432. கணக்கு நேராகிவிடும். இனிமேல் எழுதும்போது முட்டையின் எண்ணிக்கையை எழுதாதீர்கள், உடைத்தபின் எடையை எழுதுங்கள்.

வெண்ணெயும் அந்த வெண்ணெய் இல்லை. வீட்டில் கடைந்த வெண்ணெயில் தண்ணீர் கூடுதல், உப்பு கிடையாது. கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு உண்டு. உப்பில்லாதது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நோட்டில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். சீனியை வீட்டில் மிக்ஸியில் பொடிப்பதே நல்லது. கடை ஐசிங் சுகரில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும்.

எங்கள் வீட்டு அளவு, பாதியாக

உங்கள் வீட்டில் குறிப்பே இல்லை, ஆனால் எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அரை ராத்தல் மைதாவுக்கான கேக். எட்டு அங்குல வட்டத் தகரம், 3 அங்குல உயரம்.

வெண்ணெய் 225 கிராம், பொடித்த சீனி 225, மைதா 225, உடைத்த முட்டை 215 (ஐந்து முட்டையில் கொஞ்சம் மிஞ்சும், அதை ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்). பேக்கிங் பவுடர் ஒரு தட்டைத் தேக்கரண்டி. கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்து 350 கிராம். முந்திரி 75. பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் பொடித்தது ஒன்றரைத் தேக்கரண்டி, அதில் கிராம்பு கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. கன்னியாகுமரி கிராம்பு கிடைத்தால் இன்னும் குறையுங்கள். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கிராம்பு அது, எண்ணெய்ச் சத்து அதிகம், காரம் தூக்கும். சீமைச் சீரகம் 3.5 கிராம். கருக்கிய சீனிக்குத் தனியாக 60 கிராம் சீனி.

பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பவர்கள் மாதக்கணக்கில் வைக்கலாம். எங்கள் ஆச்சி மதுவிலக்குச் சபைக்காரர், ரம் என்ற சொல்லே வீட்டில் புழங்காது. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் தாத்தா காகிதத்தில் சுற்றி ‘மருந்து’ ஒன்று வாங்கி வருவார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். உண்மையிலேயே வேண்டாதவர்கள் ஆரஞ்சுச் சாறில் பழங்களைப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் பயன்படுத்திவிடுங்கள். சாற்றில் ஊறியதை வெளியே வைத்தால் நுரைத்துப் பொங்கிவிடும்.

சீனியைக் கருக்குவது இந்த வேலையில் பயம் கலந்த இடம், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அடிகனமான சின்னச் சட்டியில் 60 கிராம் சீனியைத் தண்ணீரில்லாமல் போட்டு நடுத்தீயில் வையுங்கள். கரண்டி போடாதீர்கள், சட்டியைச் சாய்த்துச் சாய்த்து உருக்குங்கள். முதலில் தேன் நிறம். பிறகு செம்பு. பிறகு ஓரத்தில் மெல்லிய புகை எழும். அங்கிருந்து எல்லாம் நொடிக்கணக்கு. டிகாக்‌ஷன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் 60 மில்லி வெந்நீரைக் கையை எட்ட வைத்து ஓரமாக ஊற்ற வேண்டும். சீறும், தெறிக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். சீற்றம் அடங்கியதும் மறுபடி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கட்டிகள் கரையும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். மெல்லிய ஓரம் சிவப்புக் கலந்த பழுப்பாகத் தெரிந்தால் சரி. மஞ்சளாக இருந்தால் கேக்குக்கு நிறம் ஏறாது. நக்கிப் பார்த்தால் நாக்கில் கசப்பு நின்றால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்; 60 கிராம் சீனிக்காகக் கேக்கைப் பாழாக்க வேண்டாம்.

மற்றது எளிது. வெண்ணெய் மென்மையாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சீனியோடு சேர்த்து வெளுக்கும்வரை அடியுங்கள். அடித்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் கலவை திரிந்தாற்போல் ஆகும், ஒரு கரண்டி மைதா சேர்த்தால் சரியாகும். ஆறிய கருக்கல் பாகு, பிறகு சலித்த மாவும் பொடிகளும், கடைசியில் வடித்துச் சிறிது மாவில் புரட்டிய பழங்கள். மாவு சேர்ந்தபின் அடிக்கக் கூடாது, புரட்டத்தான் வேண்டும்.

அடுப்பு மாறினால் கேக்கும் மாறும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று அடுப்பு. ஆச்சி காலத்தில் பெரிய சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, சூடேற்றி, அதன்மேல் தகரத்தை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணலை அள்ளிப் போடுவார்கள். கீழே தீ குறைவு, மேலே தணல் நிறைய. அம்மா காலத்தில் மாவைக் கலக்கி, தகரங்களை அடுக்கி, ரிக்‌ஷாவில் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். விறகடுப்பில் அன்றைய ரொட்டி சுட்டு முடித்தபின் இருக்கும் சூட்டில் வைத்துக் கொடுப்பார்கள், தகரத்துக்கு இவ்வளவு என்று கூலி. யாழ்ப்பாணத்தில் அந்த அடுப்பைப் போறணை என்பார்கள். யாருடைய தகரம் எது என்று தெரிய மாவின்மேல் முந்திரியால் எழுத்துப் போட்டு அனுப்புவது வழக்கம். ஒருமுறை முந்திரி எழுத்து சூட்டில் நகர்ந்து, எங்கள் கேக் வேறொரு வீட்டுக்கும் அவர்களுடையது எங்களுக்கும் வந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஓடிஜி என்ற சின்ன மின்சார அடுப்பு. ஆச்சியின் நோட்டில் ‘மணம் வந்ததும் தணலைத் தள்ளு’ என்றுதான் இருக்கிறது. இதை 160 டிகிரி செல்சியஸ், 75 முதல் 90 நிமிடம் என்று மாற்றிக்கொண்டோம். தகரத்துக்கு அடியிலும் சுற்றிலும் இரண்டு அடுக்கு வெண்ணெய்க் காகிதம். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. மேல்பாகம் சீக்கிரம் கறுத்தால் காகிதத்தால் மூடுங்கள்.

திருகியில் 160 என்று இருப்பதால் உள்ளே 160 என்று நம்பிவிட வேண்டாம். சின்ன அடுப்புகள் 10, 20 டிகிரி தவறாகக் காட்டுவது சகஜம். அடுப்பு வெப்பமானி வாங்கலாம். வாங்காமலும் சோதிக்க வழி உண்டு. சீனி உருகுவது 186 டிகிரியில். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சீனியை வைத்து, 175இல் கால்மணி நேரம் விடுங்கள். உருகக் கூடாது. 190க்கு ஏற்றி இன்னொரு கால்மணி நேரம். உருக வேண்டும். முதலிலேயே உருகினால் அடுப்பு சொல்வதைவிடச் சூடு கூட; இரண்டாவதிலும் உருகாவிட்டால் சூடு குறைவு. எவ்வளவு என்று அட்டையில் எழுதி அடுப்பின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஓடிஜி இல்லாதவர்கள் குக்கரில் செய்யலாம். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது, அடியில் உப்போ மணலோ பரப்பித் தாங்கி வைத்து அதன்மேல் தகரம். மேலே சிவக்காது, ருசிக்குக் குறைவில்லை. இதற்கென்று பழைய குக்கர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், புதியதை எடுத்தால் வீட்டில் சண்டை வரும்.

மூன்று முறை சுடுங்கள்

முதல் கேக்கைப் பெரியவர் சுட, நீங்கள் நிறுத்தீர்கள். இரண்டாவதை நீங்கள் சுட, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாவதை உங்கள் வீட்டில், உங்கள் அடுப்பில், அவர் இல்லாமல் சுட்டு, ஒரு துண்டை அவருக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, என்ன வித்தியாசம் என்று ஒரு வரி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முட்டையையும் குறைத்து, சூட்டையும் கூட்டி, தகரத்தையும் மாற்றினால் எதனால் கெட்டது என்று தெரியாது.

நடு குழிந்தால் வேகவில்லை, இல்லையென்றால் சீனியோ பேக்கிங் பவுடரோ கூடிப்போயிற்று. மேலே வெடித்தால் சூடு அதிகம். பழம் அடியில் தங்கினால் மாவு நீர்த்துவிட்டது, பெரும்பாலும் பழத்தைச் சரியாக வடிக்காததால். கேக் எழும்பவே இல்லை என்றால் பேக்கிங் பவுடரை வெந்நீரில் ஒரு கரண்டி போட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

மாற்றலாமா, யாருக்குச் சொல்லலாம்

ஆச்சி செய்தது போலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் உறவினர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. அவருக்கு நான் சொல்லும் கதை தலச்சேரிக் கதை. 1880இல் அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டக்காரர் மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, செய்முறையைச் சில நிமிடங்களில் சொல்லி, மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம். பாப்பு சேர்த்தது உள்ளூரில் முந்திரிப்பழத்தில் வடித்த சாராயம். பிரவுன் சாப்பிட்டுப் பார்த்து, இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார் என்று அந்தக் குடும்பத்தின் கதை போகிறது. அவர் வழியினர் தலைமுறைகளாகக் கேரளத்தில் பேக்கரி நடத்துகிறார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவதே மாற்றிச் சுட்டதுதான்.

ஆகவே மாற்றுங்கள். ஆனால் பழைய அளவை அடிக்காதீர்கள். எங்கள் புதிய நோட்டில் ஒரே பக்கத்தில் மூன்று பத்தி: ஆச்சி அளவு, அத்தை அளவு, எங்கள் அளவு. அத்தை ஆச்சியைவிடச் சீனி குறைத்திருக்கிறார், முந்திரி கூட்டியிருக்கிறார். அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறோம்: மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. காரணம் எழுதாத மாற்றம் பத்து வருஷத்தில் பிழை மாதிரித் தெரியும்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் மகளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாளாம், மருமகளுக்குத்தான் சொல்வார்கள். வேறு சில வீடுகளில் மருமகளிடம் எல்லாம் சொல்லி ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆண்பிள்ளைகளை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கு ஒழுங்காக மாவு புரட்டுவது தம்பிதான். கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வேலை கொடுங்கள். ஐந்து வயதில் தகரத்துக்குக் காகிதம் வைத்து வெண்ணெய் தடவுவது, எட்டு வயதில் தராசு, பன்னிரண்டில் முட்டையும் அடிப்பதும். கருக்கல் பாகு பெரியவர்கள் வேலை. தராசு கையில் கிடைத்த பிள்ளை உங்களைவிடக் கறாராக இருக்கும். 225 என்றால் 226ஐ ஒத்துக்கொள்ளாது.

நோட்டை வைப்பது

பால்பாயிண்டில் எழுதுங்கள், மைப்பேனா வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் போதாது, ஆறு மாதத்தில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வையுங்கள். எங்களுடையது தூத்துக்குடியில் ஒன்று, பாளையங்கோட்டையில் ஒன்று, பெங்களூரில் தம்பி வீட்டில் ஒன்று. தூத்துக்குடிப் பிரதி இப்போது அலமாரியின் மேல்தட்டில், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கேக்கை 20ஆம் தேதிக்குள் சுட்டு, முழுக்க ஆறவிட்டு, வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். நாலைந்து நாள் இருந்தால்தான் மசாலா மாவுக்குள் இறங்கும். 24ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து வந்து வெட்டலாம். அதற்கு முன் யாராவது ஓரத்தைக் கிள்ளியிருந்தால் அது எலி என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு மரபு.

புதிய நோட்டில் அந்தக் கடைசி வரியை அத்தையையே எழுதச் சொன்னோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேனாவை அழுத்தி எழுதினார்: “சீமைச் சீரகம் கால் அவுன்ஸ், 7 கிராம், கசக்கிப் போடவும். சீனி இல்லை.”